ஒரு நீரிணையும் ஒரு பெருங்கடலும்: மலாக்கா, கொழும்பு கடற்காவல் ஏற்பாடுகள்

பாலாற்றங்கரை விரிஞ்சிபுரத்தில் கோயில் கொண்டிருக்கும் மார்க்கபந்தீஸ்வரருக்கு வழித்துணைநாதர் என்றும் பெயர் உண்டு. மிளகு மூட்டைகளோடு காஞ்சிபுரத்துக்குக் கிளம்பிய வணிகர் ஒருவர் வழிப்பறிக்கு அஞ்சி இங்கே வேண்டிக்கொள்ள, இறைவனே காவலாளாக உருவெடுத்து உடன் நடந்தார் என்கிறது தலபுராணம். இன்று இந்த வட்டாரத்திலிருந்து கிளம்பும் சரக்கு தோலும் ஷூவும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று நீளும் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் ஏற்றிய கன்டெய்னர் சென்னைத் துறைமுகம் போய்ச் சேர்ந்த பிறகுதான் உண்மையான பயணம் தொடங்குகிறது. ஐரோப்பாவுக்குப் போவது இலங்கையைச் சுற்றிக்கொண்டு மேற்கே திரும்பும். ஹாங்காங்குக்கும் வியட்நாமுக்கும் சீனாவுக்கும் போவது மலாக்கா நீரிணை வழியே கிழக்கே நுழையும். 2023 இறுதியில் செங்கடலில் சரக்குக் கப்பல்கள் தாக்கப்பட்டு, ஐரோப்பா செல்லும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது பயணம் பத்து நாளுக்கு மேல் நீண்டது, வாடகையும் ஏறியது. கடலே இல்லாத இந்த வட்டாரத்துக்குக் கடல் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை அந்த மாதங்கள் காட்டின.

கிழக்கு வாசலைக் காப்பது மலாக்கா நீரிணை ரோந்து. மேற்கு வாசலுக்கான பேச்சு நடக்கும் மேசை கொழும்புப் பாதுகாப்பு மாநாடு. இரண்டுமே அண்டை நாடுகள் கூடிச் செய்யும் கடற்காவல். இரண்டுமே ராணுவக் கூட்டணி அல்ல. இந்த அளவோடு ஒற்றுமை முடிந்துவிடும் என்று எதிர்பார்த்துத்தான் இரண்டையும் அருகருகே வைத்தேன். வைத்துப் பார்த்தால் வேற்றுமைகள் மேற்பரப்பிலும் உறவு ஆழத்திலும் இருப்பது தெரிகிறது.

முதலில் வேற்றுமை. மலாக்கா சுமார் 900 கிலோமீட்டர் நீளமுள்ள ஒடுக்கமான வழி. சிங்கப்பூரை ஒட்டிய பிலிப்ஸ் கால்வாயில் அதன் அகலம் மூன்று கிலோமீட்டருக்கும் குறைவு. கொழும்பு மாநாட்டின் பரப்போ வங்காள விரிகுடாவிலிருந்து மொரீஷியஸ், செஷல்ஸ் தீவுகள்வரை விரிகிறது. மலாக்காவில் எதிரி யார் என்ற கேள்விக்கு அன்று ஒரே விடை: கடற்கொள்ளையன். கொழும்பில் அந்தக் கேள்விக்கு ஐந்து தலைப்புகள் விடையாகின்றன: கடற்பாதுகாப்பு, பயங்கரவாதம், கடத்தல், இணையவழித் தாக்குதல், பேரிடர். மலாக்காவில் 2004 ஜூலையில் இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் போர்க்கப்பல்களை அனுப்பிவிட்டுத்தான் விதிமுறைகளை எழுதின. நடைமுறை விதிகளில் கையெழுத்தானது 2006 ஏப்ரலில், பாத்தாமில். கொழும்பு மாநாட்டுக்காக இந்தியா, இலங்கை, மாலத்தீவு மூன்றும் 2011இல் மாலேயில் பேசத் தொடங்கின; சாசனத்தில் கையெழுத்தானது 2024 ஆகஸ்ட் 30 அன்று. அங்கே வேலை முந்திக்கொண்டது, இங்கே பேச்சு.

பிறப்பைத் தோண்டிப் பார்த்தால் முதல் உறவு தென்படும். 2004 மார்ச்சில் அமெரிக்க பசிபிக் படைத் தளபதி தாமஸ் ஃபார்கோ மலாக்காவின் பாதுகாப்பில் தம் படைகளும் பங்கேற்கலாம் என்ற பொருள்படப் பேசினார். மலேசியாவும் இந்தோனேசியாவும் கொதித்தெழுந்தன. எங்கள் நீரிணையை நாங்களே காப்போம் என்று காட்டியாக வேண்டிய நெருக்கடியில், நான்கே மாதத்தில் முத்தரப்பு ரோந்து புறப்பட்டது. கொள்ளையர்மேல் இருந்த கோபத்தைவிட, வெளியார் உள்ளே வந்துவிடுவாரோ என்ற கவலைதான் அதை விரைவுபடுத்தியது.

கொழும்பு ஏற்பாட்டின் பின்னாலும் அதே கவலை உண்டு. இங்கே வெளியார் என்று இந்தியா கருதுவது சீனாவை. 2022 ஆகஸ்ட் 15 அன்று கட்டுநாயக்கவில் இந்தியா தன் டோர்னியர் கண்காணிப்பு விமானம் ஒன்றை இலங்கைக்கு ஒப்படைத்தது. மறுநாள், ஆகஸ்ட் 16 அன்று, சீனாவின் யுவான் வாங் 5 என்ற செயற்கைக்கோள் கண்காணிப்புக் கப்பல் அம்பாந்தோட்டைத் துறைமுகத்தில் நுழைந்தது. ஒரே தீவு, அடுத்தடுத்த இரண்டு நாள்கள். ஆனால் இங்கே கணக்கு மலாக்காவைப் போல நேரானதன்று. மலாக்காவில் மூவருக்கும் வெளியார் ஒருவரே. கொழும்பு மேசையில் அமரும் சிறிய நாட்டுக்குச் சீனா தூரத்துப் பெரியவர் என்றால், இந்தியா அருகிலிருக்கும் பெரியவர். யாரிடமிருந்து காப்பது என்ற கேள்விக்கு மேசையைச் சுற்றி ஒரே விடை கிடைப்பதில்லை. அந்த மேசை அடிக்கடி ஆடுவதற்கு இதையே முதற்காரணமாக நான் சொல்வேன்.

மலாக்காவை நிமிர்த்தி உட்கார வைத்தது இன்னொன்று: பணம். 2005 ஜூனில் லண்டன் லாயிட்ஸ் சந்தையின் கூட்டுப் போர்க் குழு, மலாக்காவைப் போர் அபாயப் பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. காப்பீட்டுக் கட்டணம் உயரும் என்றதும் மூன்று தலைநகரங்களும் சுறுசுறுப்பாயின. அதே ஆண்டு செப்டம்பரில் ‘வானத்துக் கண்கள்’ என்ற விமான ரோந்து தொடங்கியது. 2006 ஆகஸ்டில் லாயிட்ஸ் மலாக்காவின் பெயரைப் பட்டியலிலிருந்து நீக்கியது. கொழும்பு மாநாட்டுக்கு இப்படி ஒரு கெடுவும் கிடையாது, மதிப்பெண் போடும் வெளி ஆசிரியரும் கிடையாது. செங்கடல் நெருக்கடியின்போது ஆம்பூர் ஏற்றுமதியாளர் வாடகை உயர்வைத் தாமே சுமந்தார். அந்தச் சுமை மாநாட்டு மேசைக்கு ஒரு காகிதமாகக்கூடப் போய்ச் சேர வழியில்லை.

இனி அந்த விமானத்துக்குள் ஏறிப் பார்க்கலாம், ஏனெனில் இந்த ஒப்பீட்டின் சாரமே அங்கிருக்கிறது. வானத்துக் கண்கள் திட்டத்தில் ஒவ்வொரு நாடும் தன் விமானத்தைத் தருகிறது. மலேசிய விமானம் சுபாங்கிலிருந்து கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே மலேசிய அதிகாரி மட்டும் இருக்கமாட்டார். இந்தோனேசியாவின் சீருடையிலும் சிங்கப்பூரின் சீருடையிலும் ஆளுக்கு ஒருவர் அதே கருவிகளின் முன் அமர்ந்திருப்பார்கள். விமானம் மற்ற நாட்டின் கடற்பரப்பின் மேலும் பறக்கலாம். கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மட்டும் போகக் கூடாது. கீழே சந்தேகத்துக்குரிய படகு தென்பட்டால், அது யாருடைய கடலில் இருக்கிறதோ அந்த நாட்டு அதிகாரி தன் கரைக்குத் தகவல் சொல்வார். பார்ப்பது மூவரும்; பிடிப்பது அவரவர் கடலில் அவரவர். பறக்கும் நேரம் மிகக் குறைவு, தகவல் போனாலும் விரட்டிச் செல்லக் கப்பல் போதவில்லை என்ற குறைகள் அன்றே சொல்லப்பட்டன; அவை நியாயமான குறைகள்தான். இருந்தும் ஒரே ஜன்னல் வழியாக மூன்று நாட்டார் ஒரே படகைப் பார்த்தார்கள் என்பது சிறிய செய்தி அன்று. பிறகு அந்தப் படகைப் பற்றி யாரும் யாரிடமும் வேறு கதை சொல்ல முடியாது.

கொழும்பு வட்டத்தில் விமானத்துக்குக் குறைவே இல்லை. நம் பக்கத்து அரக்கோணத்திலேயே ராஜாளி கடற்படை விமானத்தளம் இருக்கிறது. 1992இல் தொடங்கிய அத்தளத்திலிருந்து 2017வரை ரஷ்யாவின் டியு-142 விமானங்கள் பறந்தன. 2013 முதல் போயிங்கின் பி-8ஐ விமானங்கள் பறக்கின்றன. இந்தியப் பெருங்கடலை இவ்வளவு தூரம் துழாவும் கண் இந்த வட்டாரத்தில் வேறு எந்த நாட்டிடமும் இல்லை. ராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளியில் பருந்து என்ற தளம் பாக் நீரிணையைப் பார்த்தபடி இருக்கிறது. இலங்கைக்கும் மாலத்தீவுக்கும் டோர்னியர்கள் கொடுக்கப்பட்டன. இந்தியா அமைத்துத் தந்த கடலோர ரேடார்கள் அண்டைத் தீவுகளில் சுழல்கின்றன.

மலாக்காவில் நாடுகள் தங்கள் விமானத்தில் பிறருக்கு இடம் கொடுத்தன. கொழும்பு வட்டத்தில் ஒரு நாடு பிறருக்கு விமானத்தையே கொடுத்தது. கேட்கும்போது இரண்டாவதுதான் பெரிய ஈகையாகத் தோன்றும். விளைவு வேறு விதமாக அமைந்தது. மாலத்தீவில் இந்திய விமானத்தோடு வந்த இந்தியப் படைவீரர்கள் தேர்தல் பிரச்சினையானார்கள். புதிய அரசின் கோரிக்கைப்படி 2024 மே 10க்குள் அவர்கள் வெளியேற, அந்த இடத்தில் சீருடை அணியாத தொழில்நுட்பர்கள் வந்தார்கள். விமானம் அதேதான், செய்யும் பணியும் அதேதான். மலாக்காவில் அடுத்த நாட்டு அதிகாரி என் விமானத்தில் விருந்தாளி, நாளை அவர் விமானத்தில் நான் விருந்தாளி. மாலேயில் விருந்து ஒருவழிப்பட்டது. கொடுப்பவர் எப்போதும் கொடுப்பவராகவே இருந்தால் வாங்குபவருக்கு உறுத்தத்தான் செய்யும்.

இவ்வளவு வேறுபட்ட இரண்டும் ஒரு விஷயத்தில் அச்சு மாறாமல் ஒத்துப்போகின்றன. அதுதான் எல்லைக்கோடு. மலாக்காவில் நடப்பது ஒருங்கிணைந்த ரோந்தே தவிர கூட்டு ரோந்து அன்று: கொள்ளையனைத் துரத்தும் கப்பல் அடுத்தவர் கடற்பரப்பின் விளிம்பில் நின்றுவிட வேண்டும், அங்கிருந்து அடுத்தவர் கப்பல் தொடரும். கொழும்பு ஏற்பாட்டிலும் எந்த நாடும் தன் கடலின் அதிகாரத்தில் இம்மியும் விட்டுக்கொடுக்கவில்லை. பகிர்வது தகவல், பயிற்சி, கருவி. 1991இல் இந்தியாவும் மாலத்தீவும் தொடங்கி 2012இல் இலங்கையும் சேர்ந்த ‘தோஸ்தி’ பயிற்சி மூன்று கடலோரக் காவல்படைகளையும் பழக்கப்படுத்தியது. ஆனால் அது பயிற்சி, காவல் அன்று. பார்வையைப் பொதுவாக்கி, கையைத் தனித்தனியாக வைத்துக்கொள்வது என்ற ஒரே சூத்திரத்துக்கு, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்காமலே இரண்டு வட்டாரங்களும் வந்து சேர்ந்திருக்கின்றன.

அந்தப் பொதுப் பார்வைக்கு இரு பக்கமும் ஓர் அறை உண்டு. சிங்கப்பூரின் சாங்கியில் 2009 முதல் ஒரு தகவல் இணைப்பு மையம். டெல்லியை ஒட்டிய குருகிராமில் 2018 டிசம்பர் முதல் இந்தியாவின் தகவல் இணைப்பு மையம். இரண்டிலும் அயல்நாட்டுத் தொடர்பு அதிகாரிகள் அமர்ந்து கப்பல்களின் நகர்வைப் பார்க்கிறார்கள். கொழும்பில் கடற்படைத் தலைமையகத்தில் இந்தியாவின் 60 லட்சம் டாலர் மானியத்தில் அமைந்த கடல்சார் மீட்பு ஒருங்கிணைப்பு மையம் 2024 ஜூனில் செயல்படத் தொடங்கியது. இங்கே ஒரு வியப்பும் காத்திருக்கிறது. கடற்கொள்ளைத் தகவல் பகிர்வுக்கான ஆசிய ஒப்பந்தம் 2006இல் நடைமுறைக்கு வந்தபோது அதன் மையம் சிங்கப்பூரில் அமைந்தது. அதில் இந்தியா உறுப்பினர், இலங்கை உறுப்பினர். மலாக்காவின் இரு கரைகளையும் வைத்திருக்கும் மலேசியாவும் இந்தோனேசியாவும் உறுப்பினர் அல்ல. தங்கள் நீரிணையின் கொள்ளைக் கணக்கைச் சிங்கப்பூரில் இருந்து இன்னொருவர் எழுதுவதை அவர்கள் விரும்பவில்லை. சேர்ந்து ரோந்து போகிறவர்கள் சேர்ந்து கணக்கு எழுதவில்லை. சேர்ந்து ரோந்து போகாத நாம் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறோம்.

பலனை எடைபோடுவதிலும் இரண்டுக்கும் இடையே பெரிய தூரம். மலாக்காவில் எண்ணலாம். சர்வதேச கடல்சார் பணியகத்தின் கணக்கில் 2004இல் 38 தாக்குதல்கள், 2005இல் 12, 2006இல் 11, 2007இல் 7, தாய்லாந்தும் வந்து சேர்ந்த 2008இல் 2. இந்தச் சரிவு முழுவதையும் ரோந்துக்கே எழுதிவிட முடியாது. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை ஆச்சேயின் கரையைச் சிதைத்தது. 2005 ஆகஸ்டில் ஹெல்சிங்கியில் கையெழுத்தான உடன்பாடு அங்கே நடந்த உள்நாட்டுப் போரை முடித்தது. கரையில் அமைதி வந்ததும் கடலிலும் ஓரளவு அமைதி வந்தது. சமீப ஆண்டுகளில் சிங்கப்பூர் நீரிணையில் மெதுவாகச் செல்லும் கப்பல்களில் ஏறித் திருடுவது மீண்டும் தலைதூக்கியிருக்கிறது.

கொழும்பின் பலனை எண்ணால் சொல்ல இயலாது. நிகழ்ச்சிகளால்தான் சொல்ல முடியும். 2020 செப்டம்பரில் இலங்கையின் கிழக்கே நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் தீப்பற்றியபோதும், 2021 மே மாதம் கொழும்புக்கு வெளியே எக்ஸ்-பிரஸ் பேர்ள் எரிந்தபோதும், இந்தியக் கடலோரக் காவல்படை இலங்கைக் கடற்படையோடு நின்று தீயணைத்தது. 2024 நவம்பரில் இலங்கை தந்த தகவலின்பேரில் இந்தியக் கடற்படை விமானங்கள் அரபிக்கடலைத் துழாவின. இலங்கைக் கொடியுடன் சென்ற இரண்டு மீன்பிடிப் படகுகளில் சுமார் 500 கிலோ ஐஸ் போதைப்பொருள் பிடிபட்டது. பிடிபட்டவர்களும் படகுகளும் சரக்கும் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டன. மலாக்காச் சூத்திரமே இங்கே உயிரோடு நடந்தது: தகவல் ஒருவருடையது, கண் இன்னொருவருடையது, சட்டம் முதலாமவருடையது. முடியாது என்று யாரும் சொல்ல இனி இடமில்லை.

நீடிப்பதைப் பொறுத்தவரை மலாக்காவுக்கே என் வாக்கு. அதை நடத்துவது படைத்தலைமைகள். ஆட்சி மாறினாலும் அட்டவணை மாறுவதில்லை. கொழும்பு மாநாடு தேசியப் பாதுகாப்பு ஆலோசகர்களின் மேசை. தலைநகரில் காற்று மாறினால் நாற்காலி காலியாகும். 2014 மார்ச்சில் டெல்லியில் கூடியவர்கள் அடுத்துக் கூடியது 2020 நவம்பரில். 2023 டிசம்பரில் மொரீஷியஸில் கூடியபோது மாலத்தீவு வரவில்லை. ஆனாலும் இந்த மேசை சுருங்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2022இல் மொரீஷியஸ், 2024இல் வங்கதேசம், 2025 நவம்பர் டெல்லிக் கூட்டத்தில் செஷல்ஸ் என்று அது வளர்ந்துகொண்டே இருக்கிறது.

கடைசியாக, இரண்டு ஏற்பாடுகளும் ஒரேபோல் கண்ணை எடுத்துக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு: மீனவர். கொள்ளையன், கடத்தல்காரன், எண்ணெய்க் கப்பல் எல்லோருக்கும் விதி எழுதியவர்கள் வலை வீசுகிறவரை வேறு கோப்புக்கு ஒதுக்கிவிட்டார்கள். அந்த வேறு கோப்புகளைத் தேடிப் படித்தால் இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தாள் கிடைக்கிறது. 2008 அக்டோபர் 26 அன்று இந்தியாவும் இலங்கையும், எல்லை தாண்டும் மீனவர்மீது நடைமுறை அணுகுமுறை வேண்டும், இந்தியப் படகுகள்மேல் துப்பாக்கிச் சூடு கூடாது என்று உடன்பட்டன. 2012 ஜனவரி 27 அன்று பாலித் தீவில் மலேசியாவும் இந்தோனேசியாவும், எல்லை இறுதியாகாத பகுதியில் தென்படும் மற்ற நாட்டு மீனவரைக் கைது செய்யாமல் விலகிப்போகச் சொல்வது, உடனே மறுதரப்புக்குத் தெரிவிப்பது என்று உடன்பட்டன. வெடி, மின்சாரம், ரசாயனம் வைத்து மீன்பிடிப்பவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

இரண்டு தாள்களின் கதியும் ஒன்றாக இல்லை. மலாக்காவில் கோடு முழுதாக வரையப்படவில்லை; வரையாத கோட்டைத் தாண்டினார் என்று யாரைக் குற்றம் சொல்வது என்ற தயக்கமே அங்கே மீனவருக்குக் காவல். பாக் நீரிணையில் 1974, 1976 ஒப்பந்தங்களால் கோடு தெளிவாகக் கிடக்கிறது. அந்தத் தெளிவே கைதுக்குக் காரணமாகிறது. 2024இல் மட்டும் 500க்கும் மேற்பட்ட தமிழக மீனவர்கள் இலங்கையில் கைதானார்கள். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே துப்பாக்கிச் சூட்டில் காரைக்கால் படகில் இருந்தவர்கள் காயமடைந்தார்கள். மறுகரையின் நியாயமும் சிறிதன்று. போரில் பல ஆண்டுகள் கடலுக்கே போக முடியாமலிருந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவரின் வலையை நம் விசைப்படகுகளின் இழுவைமடி அறுத்துக்கொண்டு போகிறது. அந்தத் தொழிலை இலங்கை 2017இல் சட்டம் போட்டே தடுத்தது. வெடிவைப்புக்கும் ரசாயனத்துக்கும் பாலி உடன்பாடு விலக்கு வைத்ததுபோல இழுவைமடிக்கு இங்கே ஒரு விலக்கு வைத்தால், மற்ற படகுகளுக்காவது எச்சரித்துத் திருப்பி அனுப்பும் முறையைக் கொண்டுவர முடியும்.

2025 நவம்பர் கூட்டத்துக்கு மலேசியா விருந்தினராக வந்தது. மலாக்கா ரோந்தையும் பாலி உடன்பாட்டையும் ஒருசேர நடத்திப் பார்த்த நாடு கொழும்பு மேசையருகே வந்து அமர்ந்திருக்கிறது. அதனிடம் கேட்க வேண்டியவை இரண்டு: விமானத்தில் அடுத்தவருக்கு இருக்கை கொடுத்தது எப்படி, மீனவரைக் கைது செய்யுமுன் தொலைபேசியை எடுக்க வைத்தது எப்படி. உச்சிப்புளியிலிருந்து கிளம்பும் விமானத்தில் இலங்கைக் கடற்படை அதிகாரி ஒருவரும், இலங்கையிலிருந்து கிளம்பும் டோர்னியரில் இந்திய அதிகாரி ஒருவரும் அமரட்டும். இதற்குப் புதிய விமானம் வேண்டாம், புதிய ஒப்பந்தப் பெயரும் வேண்டாம். நம் தொகுதி மக்களவை உறுப்பினர்கள், கடலோர மாவட்டத்தார் கேட்பார்கள் என்று விட்டுவிடாமல், வேலூரிலிருந்தும் அரக்கோணத்திலிருந்தும் இதை நாடாளுமன்றத்தில் கேட்க வேண்டும்.